பொறுமையை மட்டும் அழித்துவிடுங்கள்

கேள்வி: உயர்தரம் முடித்து வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து, உங்களிடம் உள்ள ஐந்து நல்ல குணங்களை எழுதுங்கள் என்றார்கள். ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து பொறுமை, கடின உழைப்பு, நேர்மை, பணிவு, ஒற்றுமை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஒருநாள் தராசில் 19 கிலோ இருந்ததை 16 என்று எழுதி அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே நின்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நிறுவையைக் கொப்பியில் எழுதி வைக்கிறேன், ஏழு மாதமாகிறது. நாங்கள் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) என்னை வாய்க்காரி என்கிறார்கள். எனக்கென்று நல்ல குணம் எதுவும் இல்லையா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, தலவாக்கலை

பதில்: பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிய பட்டியலில் 'நேர்மை'யும் இருக்கிறதே, மகள், கவனித்தீர்களா?

கோபிக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் நேர்முகத் தேர்வில் 'கடின உழைப்பு' என்று சொன்னவன்தான். கேட்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குறித்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் முன் உட்கார்ந்த அத்தனை பேரும் அதையே சொல்லியிருப்பார்கள். வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

குணங்களைப் பட்டியல் போடுவது இப்போது பெரிய இயல். அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் 24 குணங்களை ஆறு பிரிவுகளாகத் தொகுத்து வெளியிட்டார்கள். அதை வைத்து ஒரு வினாத்தாளும் உண்டு. பதில் எழுதுகிறவரின் குணங்களை அது ஒன்றிலிருந்து 24 வரை வரிசைப்படுத்திக் கொடுக்கும். கடைசியில் நிற்பது உங்களிடம் இல்லாத குணம் என்று பொருளில்லை, மற்றவற்றைவிடப் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். தன்னைப் பற்றித் தானே பதில் சொல்வது என்பதால் ஆசையும் கூச்சமும் அதில் கலந்துவிடும். ஆனால் எனக்குப் பிடித்த ஒரு செய்தி அதில் இருக்கிறது. அந்த 24இல் துணிவு இருக்கிறது, விடாமுயற்சி இருக்கிறது, நியாய உணர்வு இருக்கிறது, நீங்கள் எழுதிய பணிவும் இருக்கிறது. பொறுமை என்று தனியாக ஒன்று இல்லை.

நம் மேடைகளில்தான் அது முதலிடம். மலையக மக்கள் பொறுமைசாலிகள் என்று சொல்லாத பேச்சாளரை நான் கண்டதில்லை. 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நம் மக்களின் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது, மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. 55 வருடம்! காத்திருக்க வைத்தவர்களே அந்தக் காத்திருப்புக்குப் பொறுமை என்று பெயரும் வைத்தார்கள். மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

என் பெரியம்மாவும் ஊருக்குப் பொறுமைசாலிதான். மடுவத்தில் கூடையை இறக்கும்போது தராசுக்குப் பிறகு அவர் பார்ப்பது கணக்கப்பிள்ளையின் பேனையை. எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் 9 எழுதும்போது கை சுழித்துவிட்டுக் கீழே இறங்கும், 6 என்றால் மேலிருந்து இறங்கி அடியில் சுழிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கும் முன்னே, "இன்றைக்கு மூன்று போய்விட்டது" என்பார். வாய் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறுநாள் எந்த மலைக்கு அனுப்புவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவரிடம் இருந்தது கூர்மையான கவனம். அதைக் கண்டுகொள்ள யாரும் இருக்கவில்லை.

இனி உங்கள் கொப்பிக்கு வருகிறேன். மடுவத்தில் கேட்டதை மட்டும் வைத்து உங்களுக்குத் துணிவுப் பட்டம் கட்ட மாட்டேன். அன்றைக்கு வந்தது கோபமாகவும் இருக்கலாம், கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஏழு மாதம் எழுதியதுதான் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது. அதில் எனக்குச் சில கேள்விகள் உண்டு. நிறுவை சரியாக எழுதப்பட்ட நாட்களையும் குறித்தீர்களா, குறைந்த நாட்களை மட்டுமா? குறைந்ததை மட்டும் எழுதியிருந்தால் அது வழக்குக்கு ஆதாரம் சேர்ப்பது. தப்பில்லை, ஆனால் அதன் பெயர் வேறு. இரண்டையும் எழுதியிருந்தால் அதை நியாய உணர்வு என்று நான் தயங்காமல் சொல்வேன். பக்கத்து நிரையில் எடுக்கும் பெண்ணுக்கு மூன்று கிலோ குறைந்த அன்றைக்கும் உங்கள் வாய் திறந்ததா? லயத்தார் வாய்க்காரி என்பதை எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. வினாத்தாளை விட்டு முதலில் அவரிடம் கேளுங்கள்.

கேட்டுவிட்டுத் தாளைத் திருத்துங்கள். பொறுமையை அழித்துவிட்டு, 'அம்மாவின் நிறுவையை ஏழு மாதமாக எழுதி வருகிறேன்' என்று அந்த இடத்தில் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், அடுத்த கேள்வியும் அங்கிருந்துதான் வரும். கொப்பி பையில் இருக்கட்டும். எந்த மாதம் எத்தனை நாள் குறைந்தது என்று கேட்டால் அதைப் புரட்டாமலே சொல்ல வேண்டும்.