பிள்ளை விழுந்தால் யார் என்ன செய்வது?

கேள்வி: வெள்ளவத்தையில் ஓர் இளைஞர் மன்றத்தில் தொண்டராக இருக்கிறேன். போன கிழமை விளையாட்டுப் போட்டியில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் விழுந்து தலை அடிபட்டு, கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தான். ஒருவர் முகத்தில் சோடா அடித்தார், ஒருவர் தூக்கி நிறுத்தினார், இன்னொருவர் ஓட்டோ பிடிக்க ஓடினார். பிறகு எழும்பிவிட்டான், வீட்டுக்கு அனுப்பினோம். செய்தது சரியா?

பதில்: வீட்டுக்கு அனுப்பியது சரியில்லை, தம்பி. தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பினாலும் அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும். மண்டைக்குள் இரத்தம் மெதுவாகக் கசியலாம். பிள்ளை எழும்பி ஓடித் திரிந்தபின்கூட அது வெளியே தெரியவரலாம். இன்றே பெற்றோருக்கு அழைத்து நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இன்னும் காட்டவில்லையென்றால் காட்டச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, வலிப்பு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது வேறு. மூன்று பேர் மூன்று வேலை செய்திருக்கிறீர்கள், பையன் மூச்சு விடுகிறானா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நிகழ்ச்சி தொடங்குமுன்பே பொறுப்பைப் பிரித்துவிடுங்கள். ஒருவர் அடிபட்டவரை விட்டு அசையக் கூடாது. ஒருவர் அழைப்பு எடுக்க வேண்டும். மற்றவர் ஏனைய பிள்ளைகளை அப்பால் கூட்டிப்போய் எண்ணிக்கை பார்க்க வேண்டும். கூட்டம் அல்லாடும் நேரத்தில்தான் இன்னொரு பிள்ளை ரோட்டுக்கு ஓடும்.

அருகில் இருப்பவர் முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிக்குள் பார்க்க வேண்டும். மூச்சு இருந்தால் தலையை இரண்டு கையாலும் பிடித்து, கழுத்து திரும்பாமல் அப்படியே வைத்திருங்கள். வாந்தி வந்தாலோ மூச்சு அடைபட்டாலோ தலையும் உடம்பும் ஒன்றாக ஒருக்களிக்கும்படி, நாலு பேர் சேர்ந்து திருப்புங்கள். தண்ணீரும் சோடாவும் வேண்டாம். மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழகியவர் என்றால் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு.

அம்புலன்சுக்கு 1990. சுவசெரிய சேவை, காசில்லை. தமிழிலேயே பேசலாம். பதற்றத்தில் எல்லோரும் “வெள்ளவத்தை, கெதியா வாங்கோ” என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கை, கடல் பக்கமா மறுபக்கமா, பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது கடை என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை வைக்காதீர்கள். ஒழுங்கை வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். கால் சுளுக்கு, சின்னக் காயத்துக்கு ஓட்டோ போதும். கழுத்தில், முதுகில் அடி என்று சந்தேகம் வந்தால் ஓட்டோவில் மடக்கி ஏற்றவே கூடாது. வாகன விபத்தென்றால் பொலிசுக்கும் 119இல் அறிவியுங்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்களை உங்கள் குழுவில் நிறுத்துங்கள். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் வலிப்பு நிற்காது, வாய்க்குள் எதையும் வைக்கவும் கூடாது. தலைக்குக் கீழே சட்டையை மடித்து வைத்து, நேரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டால் பற்பசை வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். கடற்கரைக்குப் போவதாக இருந்தால், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக் காற்றில் நம் பக்கக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள், எவர் கெஞ்சினாலும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெற்றோர் இலக்கம், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, குடிக்கும் மருந்து இவை கடதாசியில் இருக்கட்டும். போன் சார்ஜ் தீர்ந்துபோகும். விபத்து நடந்தால் பெற்றோருக்கு நேரடியாக அழைத்துச் சொல்லுங்கள், வட்ஸ்அப் குழுவில் படம் போட்டு அல்ல. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் பார்த்தார், என்ன செய்தோம் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. அடுத்த போட்டிக்கு முன் உங்களில் இரண்டு பேரையாவது அனுப்புங்கள்.