வக்கீலைக் கேளுங்கள்: ஜெயிலா, ஆஸ்பத்திரியா?

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்காவில் ‘டிரக் கோர்ட்’ என்று ஒன்று இருக்கிறது, போதைப் பழக்கத்தால் குற்றம் செய்தவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் கோர்ட் மேற்பார்வையிலேயே சிகிச்சை எடுக்க வைப்பார்கள் என்று நாலு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைப் பற்றியே இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் சொத்துத் தகராறு, வாடகைத் தகராறு எல்லாவற்றுக்கும் லீவு.

கே: வக்கீல் சார், என் அக்கா குடும்பம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அக்கா மகன் அங்கேயே பிறந்தவன், வயது 26. முதுகுவலி மாத்திரையில் ஆரம்பித்த பழக்கம் ஹெராயினில் போய் நின்றுவிட்டது. காசுக்காகக் கடைகளில் திருடி இரண்டு முறை மாட்டினான், இப்போது மூன்றாவது கேஸ். டிரக் கோர்ட்டில் சேர்த்துவிடலாம் என்று அங்கே வக்கீல் சொல்கிறாராம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, போனில் அழுதுகொண்டே இருக்கிறாள். அது ஜெயிலா, ஆஸ்பத்திரியா? – கோவை வாசகி

இரண்டும் இல்லை அம்மா, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் அக்காவிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: நியூ ஜெர்சியில் 2022-லிருந்து இதற்கு ‘ரெக்கவரி கோர்ட்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். காகிதத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும், வேறு ஏதோ கோர்ட் என்று பயப்பட வேண்டாம்.

இது தொடங்கியது 1989-இல், மயாமியில். கிராக் கொக்கெய்ன் அந்த ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். பிடித்த ஆளையே திரும்பத் திரும்பப் பிடிப்பதும், உள்ளே போடுவதும், அவன் வெளியே வந்த வாரமே மறுபடி மாட்டுவதுமாக ஜெயில் நிரம்பி வழிந்தது. அப்போது அங்கே அரசு வழக்கறிஞராக இருந்தவர் ஜேனட் ரீனோ (பிற்பாடு நாட்டுக்கே அட்டர்னி ஜெனரல் ஆனார்). அவரும் அங்கிருந்த நீதிபதிகளும் சேர்ந்து, இந்தக் கேஸ்களுக்கென்று தனியாக ஒரு கோர்ட் வைத்து, ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் என்ற நீதிபதியை உட்கார வைத்தார்கள். இன்று குடும்பம், முன்னாள் ராணுவத்தினர், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள் என்று பல கிளைகள் விட்டு, நாடு முழுக்கச் சுமார் 4,000 கோர்ட்டுகள் இந்த மாதிரி நடக்கின்றன.

ஏற்பாடு என்னவென்றால், பையன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு (உங்கள் நியூ ஜெர்சியில் ஐந்து வருடம் வரைகூட இழுக்கும்) அவன் வாழ்க்கை கோர்ட்டின் கையில். எங்கே தங்குகிறான், எந்த சிகிச்சை மையத்துக்குப் போகிறான், வேலை தேடினானா, யாருடன் சுற்றுகிறான் என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பார்கள். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீதிபதி முன்னால் போய் நிற்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது சிறுநீர் பரிசோதனை. அதுவும் எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், தினமும் காலையில் ஒரு நம்பருக்குப் போன் போட்டு இன்றைக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக இருந்தால் கட்டம் கட்டமாகக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே வருவார்கள்.

நம்ம ஊர் வக்கீல்களுக்கு நம்பக் கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. வாய்தா தொடங்குவதற்கு முன்னால் நீதிபதி, அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், நன்னடத்தை அலுவலர், சிகிச்சை கொடுப்பவர் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு ஆளைப் பற்றியும் பேசிவிடுகிறார்கள். சண்டை போட வேண்டியவர்கள் சேர்ந்து யோசிக்கிறார்கள். இது நல்லதா என்றால் பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் ‘என் வக்கீலும் அவங்க கட்சியில சேர்ந்துட்டாரே’ என்று அந்தப் பையனுக்குத் தோன்றினால் அவனைக் குறை சொல்ல முடியாது.

சில வருடம் முன்பு அமெரிக்காவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சும்மா இருக்க முடியாமல் (பழக்கதோஷம்!) பக்கத்து ஊர் கோர்ட்டுக்குப் போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பையன் முன்னால் வந்து நிற்கிறான். நீதிபதி கேட்ட முதல் கேள்வி, “பல்வலி எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட போனியா?” என்பதுதான். போன வாய்தாவில் அவன் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். அடுத்து வந்த பெண் 90 நாள் போதை தொடாமல் இருக்கிறாள் என்றதும் கோர்ட்டே கைதட்டியது. நம்ம கோர்ட்டில் கைதட்டினால் டவாலி வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவார். ஆளுக்கு மூன்று நிமிடமாவது நீதிபதி நேரடியாகப் பேச வேண்டும் என்று அங்கே ஒரு தரநிலையே வைத்திருக்கிறார்கள். மூன்று நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள், நம்மூரில் மூன்று வருடம் வாய்தாவுக்கு வந்தவனிடம் நீதிபதி மூன்று வார்த்தை பேசியிருக்க மாட்டார். அன்று பார்த்த வரையில் எனக்குத் தோன்றியது, அந்த மூன்று நிமிடத்துக்குப் பயந்தும் ஏங்கியும்தான் பாதிப் பேர் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று.

கே: தப்பு செய்தவனுக்குக் கைதட்டா? மறுபடி போதை எடுத்தால் என்ன செய்வார்கள், கேக் வெட்டுவார்களா? – திருச்சி வாசகர்

கோபம் புரிகிறது. எடுத்தால் தண்டனை உண்டு, உடனே உண்டு. கோர்ட்டிலேயே நாள் முழுக்க ஜூரி பெஞ்சில் உட்கார வைப்பது, கட்டுரை எழுதச் சொல்வது, பொது இடத்தில் வேலை, இரவு வெளியே போகத் தடை, அதற்கும் மசியாவிட்டால் இரண்டு மூன்று நாள் ஜெயில். ஆறு மாதம் கழித்து வரும் பெரிய தண்டனையைவிட நாளைக்கே வரும் சின்னத் தண்டனைக்குத்தான் மனுஷன் பயப்படுகிறான் என்பது அவர்கள் கணக்கு. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் ஒரு தடவை வழுக்கி விழுந்ததற்காக வெளியே தள்ளிவிட மாட்டார்கள். பத்து வருடப் பழக்கம் கையெழுத்துப் போட்ட அன்றே நின்றுவிடாது என்று அவர்களுக்குத் தெரியும். பரிசோதனையில் மாட்டியவனைவிட, மாட்டிய பிறகும் பொய் சொன்னவனுக்குத்தான் அதிகத் திட்டு.

கே: கத்தியால் குத்தியவனும் ‘போதையில் செய்துவிட்டேன்’ என்று இதில் நுழைந்துவிட முடியுமா? – சேலம் வாசகர்

பொதுவாக முடியாது. மத்திய அரசின் பணம் வாங்கும் டிரக் கோர்ட்டுகளில் வன்முறைக் குற்றவாளிகளைச் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கையில் போதைப்பொருள் வைத்திருந்தது, சில்லறைத் திருட்டு, கள்ளச் செக் போன்ற கேஸ்கள்தான் அதிகம்.

கே: இது உண்மையில் பலன் தருகிறதா, இல்லை விளம்பரமா? – பெங்களூரு வாசகர்

கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் 23 டிரக் கோர்ட்டுகளில் இருந்தவர்களை, அந்த வசதி இல்லாத 6 இடங்களில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்து 2011-இல் முடிவு வந்தது. ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டபோது, முந்தைய ஒரு வருடத்தில் போதை எடுத்ததாகச் சொன்னவர்கள் டிரக் கோர்ட் ஆட்களில் நூற்றுக்கு 56, மற்றவர்களில் 76. குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் 40, மற்றவர்களில் 53. மந்திரம் இல்லைதான். ஆனால் போதை விஷயத்தில் இருபது புள்ளி வித்தியாசம் லேசில் வருவதில்லை, இந்தத் துறையில் இருக்கிற எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

விளம்பரத்தில் வராத பக்கமும் இருக்கிறது. முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துத்தான் பல கோர்ட்டுகள் உள்ளே எடுக்கின்றன. நடுவில் தோற்றுப்போனால் விசாரணை கிடையாது, நேரே தண்டனைதான். அப்படித் தோற்றவர்கள் சிலர், பேசாமல் ஆரம்பத்திலேயே ஜெயிலுக்குப் போயிருந்தால் அனுபவித்திருக்கக்கூடியதைவிட அதிக நாள் உள்ளே இருக்கிறார்கள். அப்புறம், இது முற்றிய பழக்கம் உள்ளவர்களுக்கும், மறுபடி மறுபடி மாட்டுகிறவர்களுக்கும் போட்ட திட்டம். கல்லூரி விடுதியில் ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்ட, மற்றபடி ஒழுங்காகப் படிக்கிற பையனை இதில் தள்ளினால் உதவுவதைவிடக் கெடுக்கவே செய்யும். வாரம் மூன்று நாள் படிப்பு போகும், கூட உட்காருகிறவர்கள் எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவனுக்கு இதைவிட லேசான வழிகள் இருக்கின்றன, வக்கீலிடம் அதைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, கோவை அம்மா, இது உங்கள் அக்கா மகனுக்கும் பொருந்தும். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று மருந்துகள் இருக்கின்றன, உயிரைக் காப்பாற்றுபவை. ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா’ என்று சொல்லி அதை நிறுத்தச் சொன்ன கோர்ட்டுகள் அங்கே நிறைய இருந்தன. டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீதிபதி நிறுத்துவது என்ன நியாயம்? 2015-லிருந்து அப்படி மறுக்கிற டிரக் கோர்ட்டுகளுக்கு மத்திய நிதி கிடையாது என்றார்கள். 2022-இல் நீதித்துறை அமைச்சகம் பென்சில்வேனியாவின் கோர்ட் நிர்வாகத்தின் மீதே வழக்குப் போட்டது. டாக்டர் அந்த மருந்தைக் கொடுத்திருந்தால், அதை விட்டால்தான் சேர்ப்போம் என்று யாராவது சொன்னால் உடனே வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கே: நான் டெக்சஸில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். தம்பி மாணவர் விசாவில் வந்து, போதை மாத்திரை வைத்திருந்த கேஸில் மாட்டிக்கொண்டான். ‘குற்றத்தை ஒப்புக்கொள், சிகிச்சையை முடி, கேஸையே தள்ளுபடி செய்துவிடுவார்கள்’ என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? – பெயர் வேண்டாம்

போட வேண்டாம் தம்பி, நில்லுங்கள்! இந்த மாதப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படியுங்கள்.

மாநிலக் கோர்ட் கேஸைத் தள்ளுபடி செய்தாலும் குடியேற்றச் சட்டம் அதை மறப்பதில்லை. 1996-இல் செய்த திருத்தப்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் அவர் சுதந்திரத்துக்கு ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்துவிட்டால், விசா அதிகாரியின் கண்ணுக்கு அது தண்டனைதான். பிறகு சிகிச்சை முடித்து, சான்றிதழ் வாங்கி, நீதிபதி கைகுலுக்கி, கேஸையே அழித்தாலும் அது தண்டனையாகவே நிற்கும். போதைப்பொருள் கேஸ் என்றால் நாடு கடத்துவதற்கு அது போதும். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு கேஸுக்கு மட்டும் சின்ன விலக்கு உண்டு. உங்கள் தம்பி கேஸ் மாத்திரை, அதில் வராது.

கலிஃபோர்னியாவில் இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் 2018-லிருந்து சில்லறைப் போதை கேஸ்களில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சிகிச்சையில் சேரலாம் என்று மாற்றினார்கள். உங்கள் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒப்புக்கொள்ளாமல் சேருகிற வழி இந்தக் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறதா? நாடு கடத்தும் ஆபத்து இருந்தால் அதை எடுத்துச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர் ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்றால் தனியாக ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். இரண்டு பேரும் பேசி முடிவெடுத்த பிறகு பேனாவை எடுத்தால் போதும்.

கே: நம் ஊரில் இந்த மாதிரி கிடையாதா? சென்னையில், மதுரையில் போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறதே? – மதுரை வாசகி

அது வேறு அம்மா. அது கேஸ் நடத்தித் தண்டிக்கிற கோர்ட், சிகிச்சைக்கானது இல்லை. ஆனால் சட்டத்தில் வழி இருக்கிறது, யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, போதை உபயோகித்த குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ தண்டிக்கப்பட்டவர் அடிமைப் பழக்கம் உள்ளவராக இருந்தால், அவர் சம்மதத்தோடு அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மையத்துக்கு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் வந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, மூன்று வருடம் வரை பிணை எழுதி வாங்கி விட்டுவிடலாம். 64ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே: இதே குற்றங்களில் மாட்டிய அடிமைப் பழக்கக்காரர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் அவர் மீது வழக்கே நடத்தக் கூடாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சிறிய அளவு என்பது ஹெராயினில் 5 கிராம், கஞ்சாவில் ஒரு கிலோ.

நம்மிடம் இல்லாதது அந்த இரண்டு வார வாய்தாவும், பல்வலியை ஞாபகம் வைத்திருக்கிற நீதிபதியும். சிகிச்சைக்கு அனுப்பினோம், பிணை எழுதி வாங்கினோம், அத்தோடு சரி. கேஸ் எதுவும் இல்லாமல் வெறும் பழக்கம் மட்டும் என்றால் 14446 என்ற இலவச உதவி எண்ணில் பேசுங்கள், கோர்ட் வாசலுக்கே போக வேண்டியதில்லை.

கே: மறுபடி நான்தான் சார், கோவை. அக்கா அவனுக்குப் பிடித்த குருமா வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறாள். டாக்டர் ஏதோ சாப்பாட்டில் கவனம் என்றாராம்.

வைக்கட்டும், ஆனால் கசகசா போடாமல்! கசகசா அபினிச் செடியின் விதை, அதைச் சாப்பிட்டால் சிறுநீர் பரிசோதனையில் மார்ஃபின் காட்டக்கூடும். டிரக் கோர்ட்டில் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் தடைப் பட்டியலில் கசகசாவை எழுதியே வைத்திருப்பார்கள். ‘எங்கம்மா குருமா’ என்று நீதிபதியிடம் சொல்லிப் புரிய வைப்பதற்குள் இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடுவான். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம். பயத்தில் பரிசோதனைக்கு முன்னால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும் கூடாது, சிறுநீர் நீர்த்துப்போனால் ஏமாற்றியதாகவே எடுத்துக்கொள்வார்கள். கசகசாவுக்குப் பதில் முந்திரியை அரைத்து ஊற்றச் சொல்லுங்கள், குருமா இன்னும் நன்றாகவே இருக்கும்.