ஐ2சி கன்ட்ரோலர் ரெஜிஸ்டரில் எழுதிய மதிப்பு ஏன் நிற்கவில்லை?

சிப்கள் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பின் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸாக மாற்ற, அதை நடத்தும் கன்ட்ரோலரின் ரெஜிஸ்டரில் (அமைப்பு மதிப்பை வைக்கும் இடம்) எழுதியும் மாறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதும் நேரத்தில் கன்ட்ரோலர் இயங்கிக்கொண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காட்பாடியில் இருக்கும் எங்கள் பட்டறையில் எனக்கும் இதேதான் நடந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு, டிரம் எத்தனை மணி நேரம் சுற்றியது என்று குறித்து வைக்கும் போர்டு செய்தோம். நேரத்துக்கு ஐ2சியில் பேசும் டிஎஸ்1307 என்ற கடிகாரச் சிப். அதன் உச்ச வேகமே 100 கிலோஹெர்ட்ஸ்தான். மேசையில் ஒழுங்காக ஓடிய போர்டு, அங்கே போனதும் தேதியைத் தாறுமாறாகக் காட்டியது. ஒயரை மாற்றினேன், கோட்டை உயர்நிலைக்கு இழுக்கும் புல்அப் ரெசிஸ்டரை மாற்றினேன், இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் மின்துடிப்பைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், கிளாக் கோட்டில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 2.5 மைக்ரோ நொடி. 10 இருக்க வேண்டிய இடம் அது! போர்டு ஆன் ஆனதும் முதலில் ஓடும் பூட்லோடர் நிரல், கன்ட்ரோலரை 400 கிலோஹெர்ட்ஸில் ஓட்டிவிட்டு அப்படியே விட்டிருந்தது. நான் எழுதியது எதுவும் உள்ளே போகவே இல்லை.

எங்களுடையது சினாப்சிஸ் நிறுவனத்தின் டிசைன்வேர் கன்ட்ரோலர். அதில் கன்ட்ரோலரை இயக்கும் எனேபிள் பிட் 1 ஆக இருக்கும்வரை வேக ரெஜிஸ்டர்களில் எழுதினால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதனால் எனேபிளை 0 ஆக்குங்கள். அதோடு நிற்காமல், எனேபிள் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரும் 0 காட்டும்வரை காத்திருங்கள். நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றம் முடிந்த பிறகுதான் அது அணையும். லினக்ஸ் டிரைவர் ஒவ்வொரு முறையும் குறைந்தது 25 மைக்ரோ நொடி விட்டு மறுபடி பார்க்கிறது. அப்புறம் மதிப்பை எழுதி, உடனே திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். எனக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

மதிப்பைக் கணக்கிடும்போது கன்ட்ரோலருக்கு வரும் உள்ளீட்டு கிளாக்கைப் பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சி 10 நானோ நொடி. ஐ2சி விதிப்படி 100 கிலோஹெர்ட்ஸில் கிளாக் கோட்டின் தாழ்நிலை குறைந்தது 4.7 மைக்ரோ நொடி, அதாவது 470 சுழற்சி. உயர்நிலை குறைந்தது 4 மைக்ரோ நொடி, 400 சுழற்சி.

ஒன்று மட்டும் கவனம்: சோதிக்கிறேன் என்று எல்லா ரெஜிஸ்டரையும் வரிசையாகப் படிக்காதீர்கள். இதில் சில ரெஜிஸ்டர்களைப் படித்தாலே இன்டரப்ட் (பிராசஸரைக் கவனிக்கச் சொல்லும் அறிகுறி) அழிந்துவிடும். டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தால், வந்து காத்திருக்கும் பைட்டுகளின் வரிசையிலிருந்து ஒரு பைட் போய்விடும்.

அப்படியும் மாறவில்லை என்றால் சிப் பெயரையும், எழுதும் வரிசையையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.