எட்டு மணி நேரப் பயிற்சி காலாவதி ஆகுமா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் அருகே ஒரு வலி சிகிச்சை கிளினிக்கில் பிசிஷியன் அசிஸ்டென்ட்டாக (டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதுபவராக) இருக்கிறேன். 2023-இல் போதைப் பழக்க சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சி முடித்துத்தான் டிஇஏ (கட்டுப்பாட்டு மருந்துகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அமைப்பு) பதிவைப் புதுப்பித்தேன். இப்போது மறுபடி புதுப்பிக்க வேண்டும். “உங்கள் சான்றிதழ் காலாவதி, திரும்பப் பணம் கட்டுங்கள்” என்று ஒரு பயிற்சி நிறுவனம் விடாமல் போன் செய்கிறது. இதற்கிடையில், டாக்டர் வராத நாளில் அவருடைய லாகினில் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துக்குச் சீட்டு அனுப்பச் சொல்கிறார் மேனேஜர். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். 2023 ஜூன் 27-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி, வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும்தான் இந்தப் பயிற்சியைக் கேட்கிறது. முடித்துவிட்டேன் என்று படிவத்தில் டிக் செய்தீர்களே, அதோடு சரி. சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். டிஇஏ இந்தப் பயிற்சிக்குப் பணம் வாங்குவதில்லை, போனில் மிரட்டிக் கேட்பதும் இல்லை. அப்படிக் கேட்பவன் மோசடிக்காரன், பேச்சுக் கொடுக்காமல் போனை வையுங்கள். மாநில உரிமத்துக்கான பயிற்சி மணிநேரம் தனிக் கணக்கு. அதை மட்டும் தவறாமல் முடியுங்கள்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது மேனேஜர் சொல்லும் வேலைதான். ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரைகள் 2014 அக்டோபரிலிருந்து ஷெட்யூல் 2-இல், அதாவது மருந்தாகப் பயன்பட்டாலும் அடிமையாக்கும் ஆபத்து அதிகம் என்று கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில், இருக்கின்றன. டிஇஏ எண் கையில் இருந்தாலும், டெக்சாஸில் உங்களைப் போன்றவர்கள் ஷெட்யூல் 2 மருந்தை வெளியில் உள்ள கிளினிக்கில் எழுத முடியாது. மருத்துவமனையில் எழுதலாம், அதிலும் நோயாளி 24 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கும்படி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவசரப் பிரிவில் இருக்க வேண்டும். ஹாஸ்பிஸில் (வாழ்நாளின் இறுதிக்கட்டப் பராமரிப்பில்) இருக்கும் நோயாளிக்கும் எழுதலாம். “நம் கிளினிக்கும் பெரிய மருத்துவமனைக்குச் சொந்தமானதுதானே” என்று மேனேஜர் வாதாடுவார். மருத்துவமனைக்குச் சொந்தமாக இருந்தாலும், தனியாக நடக்கும் கிளினிக் கிளினிக்தான். இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

டாக்டரின் பாஸ்வேர்டும், சீட்டை அனுப்புவது அவர்தான் என்று உறுதிசெய்யும் டோக்கனும் அவர் கையெழுத்துக்குச் சமம். அவர் மனமுவந்து கொடுத்தாலும் நீங்கள் தொடக்கூடாது. விசாரணை வந்தால் மேனேஜரிடம் பறிக்க உரிமம் எதுவும் கிடையாது, உங்களிடம் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் கோபம் உண்டு. வலி கிளினிக்கில் நாள் முழுக்க நோயாளிகளைப் பார்ப்பவரிடம் போதைப் பழக்க சிகிச்சை பற்றி 8 மணி நேரம் படி என்கிறது மத்திய அரசு. எந்த மருந்தை எங்கே எழுதலாம் என்பதை மட்டும் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. நடுவில் கிடந்து தவிப்பது வலியோடு வருகிற மனிதர். ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் 2022 வழிகாட்டுதலே சொல்கிறது. ஆகவே ‘டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

இதற்கு நேர்வழி இருக்கிறது. ஷெட்யூல் 2 மருந்துக்கு ரீஃபில் (அதே சீட்டில் திரும்ப வாங்குவது) கிடையாது. ஆனால் நிலையான நோயாளிக்கு டாக்டர் ஒரே நாளில் மூன்று தனித்தனிச் சீட்டுகள், மொத்தம் 90 நாளுக்கு, ஒவ்வொன்றையும் எந்தத் தேதிக்கு மேல் வாங்கலாம் என்று குறித்து அனுப்பலாம். டாக்டர் வருகிற நாளில், மாத்திரை தீரப் போகிறவர்களின் பட்டியலை அவர் மேசையில் வையுங்கள். அவசரம் என்றால் அவரை போனில் பிடியுங்கள். அவரே தன் டோக்கனில் அனுப்பட்டும். அப்புறம், லாகினைத் தொட மாட்டேன் என்று மேனேஜருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதி, டாக்டருக்கும் நகல் போடுங்கள்.