மெட்டல் ஐயனாகுறப்ப (அயனி, அதாவது சார்ஜ் உள்ள அணு) சமன்பாட்டுல எலக்ட்ரான எந்தப் பக்கம் எழுதணும், எத்தன போடணும்?

வலது பக்கம். மெட்டல் எலக்ட்ரான விட்டுட்டுத்தான் ஐயனாகும், விட்டது அம்புக்குறி தாண்டித்தான் வரும். எத்தனங்கிறதுக்கு கடைசி அடுக்குல எத்தன எலக்ட்ரான் இருக்குன்னு பாருங்க.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டுல வளந்தவன், ஃபார்ம் 4ல இதே குழப்பம் எனக்கும் இருந்துச்சு, எலக்ட்ரான் கொறையுதுன்னா மைனஸ்தானே வரணும் ஏன் பிளஸ் வருதுன்னு மண்டைல ஏறவே மாட்டேன்னுது. ட்யூஷன் அக்காதான் "எலக்ட்ரான விடுடா, புரோட்டான எண்ணு"ன்னாங்க. மெக்னீசியத்துல புரோட்டான் 12, எலக்ட்ரான் 12, அடுக்கு 2.8.2 (உள்ளேருந்து வெளிய, ஒவ்வொரு அடுக்குலயும் இருக்குற எலக்ட்ரான்). கடைசி ரெண்டும் போனா எலக்ட்ரான் 10 ஆயிடும், புரோட்டான் அதே 12. ரெண்டு பிளஸ் மிச்சம், அவ்ளோதான். (இங்க பேரையே போடுறேன், பரீட்சைல சிம்பல் போடுங்க, இ⁻ன்னா எலக்ட்ரான்.)

மெக்னீசியம் → மெக்னீசியம்²⁺ + 2இ⁻

எழுதி முடிச்சதும் சார்ஜ கூட்டிப் பாருங்க. இடது பக்கம் சைபர், வலது பக்கம் +2ம் −2ம் சேந்து சைபர். எங்கப்பா மண்டோரு (எஸ்டேட் மேஸ்திரி), காலைல பெரட்டுல (ஆள் கணக்கெடுப்புல) நின்ன தலையும் நெரைக்கு (மர வரிசைக்கு) போன தலையும் ஒத்து வரலன்னா ஆள விடமாட்டாரு, அந்தக் கணக்குதான் இதுவும்.

சோடியம் 2.8.1, அதனால ஒண்ணு. அலுமினியம் 2.8.3, மூணு. சோடியம் ஏன் ரெண்டாவதையும் விடலன்னு கேக்கலாம், மொத எலக்ட்ரான எடுக்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் போதும், ரெண்டாவது உள் அடுக்குல இருக்குறதால 4562 வேணும், யாரு கொடுப்பா அத்தன? இப்படி எலக்ட்ரான எடுக்கத் தேவைப்படுற அயனியாக்க ஆற்றல் கேள்வியா வந்துச்சுன்னா மட்டும் கேஸ் நெலைல ஒவ்வொரு எலக்ட்ரானா பிரிச்சு எழுதணும், மொத்தமா எழுதிடாதீங்க.

இரும்புலதான் அடுக்கு முறை கைவிட்டுடும், 2+ஸும் வரும் 3+ஸும் வரும், கேள்விலயே எதுன்னு சொல்லியிருப்பாங்க. துரு புடிக்கிறப்ப மொதல்ல நடக்குறது இதான்:

இரும்பு → இரும்பு²⁺ + 2இ⁻

உங்க வீட்டு ஜிங்க் கூரையப் பாருங்க, அது உண்மைல இரும்புத் தகடு, மேலதான் ஜிங்க் பூச்சு. இரும்ப விட ஜிங்க் சீக்கிரமா எலக்ட்ரான விடும்:

ஜிங்க் → ஜிங்க்²⁺ + 2இ⁻

அதனால லேசா கீறுனாக்கூட இரும்பு தப்பிச்சுக்கும், பூச்சு தீந்தப்புறம்தான் செவக்க ஆரம்பிக்கும். எங்க லயத்து வீட்டுக் கூரைல அது எப்பவோ தீந்துபோச்சு, மழை பேஞ்சா அம்மா நாலு எடத்துல வாளி வெப்பாங்க.