கொல்லையில் நெல்லுக்குப் பஞ்சமில்லை, முட்டைக்குத்தான் பஞ்சம்: கோழித்தீவனக் கேள்வி பதில்

கொல்லையில் பத்து, இருபது கோழி வைத்திருக்கும் டெல்டாக்காரர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் பாபநாசம் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கும் ஓர் அக்கா.

திருவையாறு: அக்கா, காலையில நெல், மத்தியானம் சோறு, சாயங்காலம் தவிடு பிசைஞ்சு வைக்கிறேன். வயிறாரத் தின்னுது. ஆனா முட்டை விட்டு விட்டுத்தான் வருது, அதுலயும் பாதி தோல்முட்டை. என்ன குறை?

நீங்க மூணு வேளையும் போடுறது ஒரே சாமான்தாம்மா. நெல்லு, குருணை, சோறு, தவிடு எல்லாம் ஒரே நெற்பயிரோட வெவ்வேறு வேஷம். மாவுச்சத்து கொட்டிக் கிடக்கு, புரதமும் சுண்ணாம்பும் பத்தாது. அரிசியில புரதம் 7, 8 சதவீதம். முட்டையிடுற கோழிக்கு 16லேர்ந்து 18 சதவீதம் வேணும்.

ராத்திரி கோழி அடைஞ்சதும் ஒண்ணைத் தூக்கிப் பாருங்க. தீனிப்பை கெட்டியா நிறைஞ்சிருக்கும், அதுக்குக் கீழ நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி கையில குத்தும். பசி வேற, சத்துக்குறை வேறன்னு அப்ப தெரியும்.

தோல்முட்டைக்குக் காரணம் சுண்ணாம்புக் குறை. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போகுது. தீனியில கிடைக்கலேன்னா எலும்புலேர்ந்து எடுத்துக்கும், அப்புறம் கால் மடங்கி உட்கார்ந்துடும். தவிட்டுல இருக்கிற பைட்டேட்ங்கிற பொருள் கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிறதால, தவிடு கூடக் கூட நிலைமை மோசமாகும். கிளிஞ்சலை நொய் அளவுக்கு உடைச்சு ஒரு கொட்டாங்கச்சியில தனியா வைங்க. மாவா அரைக்காதீங்க. ஓடு உருவாகுறது பெரும்பாலும் ராத்திரியில; குருணையா இருந்தாத்தான் மெல்லக் கரைஞ்சு அந்த நேரத்துக்கு உதவும். எவ்வளவு வேணும்னு கோழிக்கே தெரியும், நீங்க அளக்க வேண்டாம்.

மன்னார்குடி: அப்ப வீட்டுலயே கலக்க ஒரு கணக்கு சொல்லுங்கக்கா. கடைத் தீவனம் கட்டுப்படியாகல.

முட்டைக்கோழிக்கு, 10 கிலோவுக்கு எழுதிக்க தம்பி: உடைச்ச மக்காச்சோளம் 3, குருணை 2, தவிடு ஒன்றரை, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை, எள்ளுப் புண்ணாக்கு அரை, உப்பில்லாத மீன்தூள் 700 கிராம், கிளிஞ்சல் 700 கிராம், தாதுஉப்புக் கலவை 100 கிராம். புரதம் ஏறத்தாழ 17 சதவீதம் வரும். மக்காச்சோளம் விலை ஏறினா கம்பு, சோளம் போட்டுக்கலாம். எள்ளுப் புண்ணாக்கை மட்டும் விட்டுடாத. கடலையில குறையுற மெத்தியோனின்ங்கிற புரதக்கூறு அதுல நிறைய இருக்கு.

மேய விடுற கோழின்னா சாயங்காலம் தலைக்கு 40, 50 கிராம் போதும். அடைச்சே வெச்சா 100 கிராம் வரை கேட்கும்.

தவிடு வாங்குறப்ப ஒரு எச்சரிக்கை. பச்சரிசித் தவிடு மில்லுலேர்ந்து வந்த சில நாள்லயே காறல் வாடை அடிக்கும், அதுல இருக்கிற எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகும். புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும். ரெண்டையுமே மூட்டைக்கணக்குல வாங்கிச் சேர்த்து வைக்காத.

நாகப்பட்டினம்: எங்க ஊர்ல கருவாட்டுக் கழிவு சும்மாவே கிடைக்குது. போடலாமா?

உப்புக் கருவாடுன்னா வேண்டாங்க. மொத்தத் தீவனத்துல உப்பு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா தண்ணியா குடிக்கும், தண்ணியா கழியும், குஞ்சுன்னா செத்தே போகும். உப்பு போடாம வெயில்ல காய்ஞ்ச பொடிமீன் கேட்டு வாங்குங்க. தூளா வாங்கினா ஒரு சிட்டிகை நாக்குல வெச்சுப் பாருங்க. ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் போட்டுக் கலக்குங்க. அடியில மணல் தங்கினா கடைக்காரரு உங்களுக்கு மணல் வித்திருக்காரு.

வயல் நத்தையும் நல்ல புரதம்தான். வேகவெச்சு, ஓட்டோட நசுக்கிப் போடுங்க. பச்சையாப் போட்டா அதுல இருக்கிற புழு கோழிக்கு வரும்.

கும்பகோணம்: ஐப்பசி மழையில புண்ணாக்கு மேல வெள்ளையா பூத்துடுச்சு. காயவெச்சுப் போட்டா ஆகாதா?

ஆகாதுங்க ஐயா. குப்பைக்குழியில போட்டு மூடிடுங்க. வெயில்ல காயும்போது பூஞ்சை சாகும், அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின்ங்கிற நஞ்சு சாகாது, வேகவெச்சாலும் போகாது. 1960ல இங்கிலாந்துல லட்சத்துக்கும் மேல வான்கோழி மொத்தமா செத்துது. தேடிப் பார்த்தா பூஞ்சை பிடிச்ச கடலைப் புண்ணாக்கு. இந்த நஞ்சுக்கே பேர் வெச்சது அதுக்கப்புறம்தான். கோழிக்குஞ்சை விட வாத்துக்குஞ்சு இதுக்கு இன்னும் சீக்கிரம் சாகும், வாத்து வெச்சிருக்கவங்க கூடுதலா கவனிங்க. மழைக்காலத்துல ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, தரையில படாம பலகை மேல வைங்க.

பட்டுக்கோட்டை: தண்ணியில மிதந்து வளர்ற அசோலாச் செடி மட்டும் போட்டே கோழி வளர்க்கலாம்னு சொல்றாங்களே?

சொல்றவங்க கோழி வளர்த்திருக்க மாட்டாங்க. அசோலாவுல பத்துல ஒன்பது பங்குக்கு மேல தண்ணி. கீரை மாதிரி தினம் ஒரு கை போடுங்க, அவ்வளவுதான்.

வலங்கைமான்: மஞ்சக்கரு வெளுப்பா இருக்கு.

முருங்கைக்கீரை, மக்காச்சோளம். ருசிக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

நீடாமங்கலம்: அறுவடை முடிஞ்ச வயல்ல விடலாமா அக்கா?

தாராளமா. சிந்தின நெல், பூச்சி எல்லாம் பொறுக்கும், ஒரு மாசத்துக்குத் தீவனச் செலவு குறையும். பக்கத்து வயல்ல மருந்தடிச்சா, வரப்புல எலிமருந்து வெச்சா மட்டும் விடாதீங்க. மருந்து கலந்த விதைநெல் மிச்சத்தைக் கழுவிக் கோழிக்குப் போடுற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. கழுவினா போகாது. அந்தக் கோழி போட்ட முட்டையை நீங்கதான் திங்கப் போறீங்க.

ஒரத்தநாடு: குஞ்சுக்கு நொய்தான் போடுறோம். ரெண்டு குஞ்சுக்கு விரல் உள்பக்கமா சுருண்டு, முட்டியால நடக்குது. வாதமா?

பெரும்பாலும் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின் குறை. நொய்யில அது ரொம்பக் கம்மி. குடிதண்ணியில பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து கலந்து கொடுங்க, உப்பு போடாத மோரும் கொஞ்சம் வைக்கலாம். ஆரம்பத்துலயே பிடிச்சா நேராகும், முத்திட்டா நேராகாது. நிறைய குஞ்சுக்கு வந்தா உங்க ஊர்லயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க. வேற நோயும் இப்படித்தான் காலை இழுக்கும்.

எட்டு வாரம் வரைக்கும் குஞ்சுக்கு 20 சதவீதம் புரதம் வேணும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், குஞ்சுத் தீவனமே வாங்கிடுங்க. குஞ்சு தின்னு தீர்க்கிறது கொஞ்சம்தான்.

அதே ஊர்: தாய்க்கோழியும் குஞ்சும் ஒரே தட்டுல திங்குதே, முட்டைத்தீவனம் வைக்கவா, குஞ்சுத்தீவனம் வைக்கவா?

குஞ்சுத் தீவனம். முட்டைத்தீவனத்துல இருக்கிற கால்சியம் குஞ்சுக்கு வேண்டியதைப்போல மூணு மடங்குக்கும் மேல, சிறுநீரகம் கெட்டுப்போகும். தாய்க்குக் குஞ்சுத்தீவனம் ஒண்ணும் பண்ணாது. அது மறுபடி முட்டையிட ஆரம்பிச்சதும், கிளிஞ்சல் கொட்டாங்கச்சியைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்துல கம்பியில கட்டித் தொங்கவிடுங்க.