கையால் மாட்ப்ரோப் கொடுத்தால் ஓடுகிற டிரைவர் ஏன் தானாக லோட் ஆகவில்லை?

கேள்வி: டெபியன் லினக்ஸ் வைத்திருக்கிறேன். யூஎஸ்பி வைஃபை டாங்கிளைச் செருகினால் ஒன்றும் நடப்பதில்லை. டெர்மினலில் மாட்ப்ரோப் (டிரைவரை ஏற்றும் கட்டளை) அடித்து டிரைவர் பெயரைக் கொடுத்தால் உடனே நெட் வருகிறது. ரீபூட் செய்தால் பழையபடி. தானாக லோட் ஆக என்ன செய்ய வேண்டும்?

பதில்:

"/ஈடிசி/மாட்யூல்ஸ் கோப்பில் டிரைவர் பெயரை எழுதிவிடுங்கள், முடிந்தது" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஓடும். ஆனால் டாங்கிள் செருகியிருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பூட்டிலும் அது ஏறும்; எங்கே கோளாறு என்பதும் தெரியாமலே போகும். எனக்கு அது கடைசி வழிதான். கையால் கொடுத்தால் ஓடுகிறது என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

டாங்கிளைச் செருகியதும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் வெண்டர் எண், ப்ராடக்ட் எண் எல்லாவற்றையும் கோத்து மாட்அலியாஸ் என்ற நீளமான சரமாக யூடெவ்வுக்கு (புதிதாகச் செருகும் சாதனங்களைக் கவனிக்கும் நிரலுக்கு) அனுப்புகிறது. அந்தச் சரம் /லிப்/மாட்யூல்ஸ் அடியில், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் பதிப்பின் ஃபோல்டரில் உள்ள மாட்யூல்ஸ்.அலியாஸ் கோப்பில் தேடப்படும். எந்த மாட்யூல் (அதாவது டிரைவர்) பொருந்துகிறதோ அது ஏறும். யூடெவ்வுக்கு டிரைவர் பெயர் தெரியாது. நீங்கள் கொடுப்பதோ பெயர். ஆக, பெயர் வழி திறந்திருக்கிறது, அலியாஸ் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது.

முதல் சந்தேகம் பிளாக்லிஸ்ட், அதாவது தானாக ஏற்றக்கூடாத டிரைவர்களின் பட்டியல். பிளாக்லிஸ்ட் வரி அலியாஸ் வழியாக வருவதை மட்டும்தான் தடுக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் மறுபேச்சில்லாமல் ஏற்றிவிடும். உங்கள் அறிகுறி அப்படியே இதுதான். /ஈடிசி/மாட்ப்ரோப்.டி, /லிப்/மாட்ப்ரோப்.டி இரண்டிலும் டிரைவர் பெயரை க்ரெப் செய்து தேடுங்கள். பூட் வரியில் மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட் என்று ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாம் எழுதாத வரியும் அங்கே இருக்கும். டெபியனில் பிராட்காம் வைஃபைக்கான பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் பேக்கேஜ், தன் டிரைவரோடு மோதக்கூடாது என்பதற்காக பி43, எஸ்எஸ்பி போன்றவற்றைப் பிளாக்லிஸ்டில் போடும். அந்தப் பட்டியலில் பி44-உம் உண்டு. அது வைஃபை டிரைவரே இல்லை, கேபிள் நெட்வொர்க்குக்கானது! வைஃபையைச் சரிசெய்யப் போய் கேபிளை இழந்தவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பிளாக்லிஸ்ட் சுத்தமாக இருந்தால், /சிஸ் அடியில் டாங்கிளின் இன்டர்ஃபேஸ் ஃபோல்டரில் இருக்கும் மாட்அலியாஸ் கோப்பை கேட் கட்டளையால் படித்து, வந்த சரத்தை மாட்ப்ரோப் கட்டளைக்குப் பெரிய ஆர் ஆப்ஷனோடு கொடுங்கள். பொருந்தும் மாட்யூலின் பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் மாட்இன்ஃபோ அடித்து, டிரைவரில் அலியாஸ் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கிருந்தோ சோர்ஸ் எடுத்து நாமே கம்பைல் செய்த டிரைவர்களில் இது அடிக்கடி நடக்கும்: சாதன எண் பட்டியல் கோடுக்குள் இருக்கும், ஆனால் மாட்யூல்_டிவைஸ்_டேபிள் என்ற ஒரு வரி மேக்ரோவை விட்டிருப்பார்கள். கையால் ஏற்றினால் டிரைவர் டாங்கிளை அடையாளம் கண்டுகொள்ளும். வெளியே அலியாஸ் மட்டும் இருக்காது. அந்த வரியைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்து, இன்ஸ்டால் செய்து, டெப்மாட் (மாட்யூல்ஸ்.அலியாஸ் கோப்பைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டினால் போதும்.

நீங்கள் அடித்தது உண்மையில் மாட்ப்ரோப்தானா, இன்ஸ்மாட்டா? இன்ஸ்மாட் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். கோப்பை நேராக ஏற்றியிருக்கிறீர்கள், டெப்மாட்டுக்கு அப்படி ஒரு டிரைவர் இருப்பதே தெரியாது. /லிப்/மாட்யூல்ஸுக்குள் முறையாக இன்ஸ்டால் செய்து டெப்மாட் கொடுங்கள்.

அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் கோப்பைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டச் சொல்லி யாராவது வருவார்கள். ரூட் டிஸ்கின் டிரைவர் என்றால் அது முக்கியம். பூட் முடிந்தபின் செருகும் வைஃபை டாங்கிளுக்குத் தேவையில்லை.

சரி, ஆர் ஆப்ஷன் என்ன காட்டியது என்று எழுதுங்கள். பெயர் சரியாக வந்து, பிளாக்லிஸ்டும் இல்லை என்றால், யூடெவ்அட்ம் மானிட்டரை ஓடவிட்டு டாங்கிளைக் கழற்றி மாட்டுங்கள். கெர்னல் பக்கமும் யூடெவ் பக்கமும் நிகழ்வு வருகிறதா என்பதைத்தான் அடுத்து பார்க்க வேண்டும்.